முன்னால் போன விளக்கு

1

போன வாரம் என் மகள் நிவேதாவின் பாஸ்போர்ட் விசாரணைக்காகப் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயதில் எடுத்த பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கப் போட்டிருந்தோம். டில்லி துவாரகாவில் எங்கள் அடுக்ககத்தின் லிப்ட் அன்று பார்த்து ஓடவில்லை. ஏழு மாடி ஏறி வந்த கோபத்தை அவர் எங்கள் காகிதங்கள்மேல் காட்டினார். ஆதாரில் நான் மாரியம்மாள். கரண்ட் பில்லில் மாரி அம்மா. மகளின் பிறப்புச் சான்றிதழில் வெறும் மாரி. மூன்று பேரும் ஒரே பொம்பளைதான் என்று அவரை நம்பவைப்பதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது.

சொந்த ஊர் கேட்டார். கோவில்பட்டி என்றேன். "சமுந்தர் கே பாஸ்?" என்றார், கடல் பக்கமா என்று. டில்லிக்காரர்களுக்கு மதராஸி என்றால் கடற்கரையில் பிறந்து இளநீரில் குளித்து வளர்ந்தவர். எங்களுடையது கரிசல் காடு, குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்த ஊர். நான் கடலைப் பார்த்ததெல்லாம் திருச்செந்தூரில், முழங்கால் அளவுத் தண்ணீரில், அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு. அதையெல்லாம் இந்தியில் எடுத்துச் சொல்லத் தெம்பில்லை. "ஹாஞ்ஜி, பாஸ் மே" என்று ஒப்புக்கொண்டேன்.

போகிற சமயத்தில்தான் கேட்டார்: "லட்கி அகேலீ ஜாயேகி?" பெண் தனியாகவா போகிறாள்?

தலையாட்டினேன். கையிலிருந்த டீ தளும்பிச் சேலையில் கொட்டியது. அழப்போகிறேன் என்று நினைத்துவிட்டார் மனுஷன். இப்போதெல்லாம் எல்லாப் பிள்ளைகளும் போகத்தான் செய்கிறார்கள் என்று ஆறுதல் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எனக்கு அழுகை வரவில்லை. பயம். ஜனவரியில் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. தமிழில் எழுதுவதில் ஒரு வசதி, இதை நிவேதா படிக்கமாட்டாள். பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது.

2

டில்லிக் குளிரைப் பற்றி ஊரில் சொன்னால் "குளுகுளுன்னு இருக்குமே" என்பார்கள். குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம். புகையும் பனியும் சேர்ந்து வருவதைத்தான் பொறுக்க முடியாது. டிசம்பர் வந்தால் எதிர் பிளாக் காணாமல் போய்விடும். ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர், காதுக்கு மப்ளர், மூக்குக்கு மாஸ்க். ஆபீஸில் என் செக்‌ஷனில் பாதிப் பேர் இருமிக்கொண்டே கோப்பு பார்ப்பார்கள்.

என் வீட்டுக்காரர் செல்வராஜுக்கு ஏர்போர்ட்டில் சரக்குப் பிரிவில் வேலை. பனி இறங்கிய விடியற்காலைகளில் காரை ஓட்டிக்கொண்டு போவதில் அவருக்கு ஒரு பெருமை. போன வருஷம் நிவேதாவுக்கு லைசென்ஸ் கிடைத்ததும், பனியில் ஓட்டக் கற்றுக்கொடுக்க அவளையும் கூட்டிக்கொண்டு போனார். நான் பின் ஸீட்டில், இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தபடி.

"என்ன ஆனாலும் நிக்காத," என்றார் அவளிடம். "நின்னா பின்னால வாறவன் ஏத்திருவான். முன்னால போறவன் வெளக்கப் புடிச்சுக்கோ. அவன் எங்க போறானோ நீயும் போய்க்கிட்டே இரு."

"அச்சா பாப்பா," என்று அப்பாவுக்குத் தலையாட்டினாள். ஒரு லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு பிசகாமல் போனாள். நல்ல கெட்டிக்காரி என்று எனக்கும் உள்ளூர சந்தோஷம்தான். டில்லியில் பனிக்காலத்தில் வண்டி ஓட்டுகிற எல்லாரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். இதைத் தவறென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கடல் பயணத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் பொன்னுசாமி அண்ணாச்சி. நாங்கள் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர். கோயமுத்தூர்ப் பக்கம். போன வருஷம் ரிட்டயர் ஆனார். அவர் மனைவி சரோஜாவுக்குக் குளிர்காலம் வந்தால் மூச்சு இழுக்கும். இந்தக் குளிருக்கு எங்காவது வெயில் உள்ள ஊருக்குப் போய்வாருங்கள் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

"அம்மிணி, கர்நாடகாவுல கார்வார் பக்கம் ஒரு படகுங்க," என்றார் அண்ணாச்சி. "மூணு நாளு கரையோரமாவே போவாங்க. ராத்திரி ஆத்துக்குள்ளார நிறுத்திப்போடுவாங்க. சோறு ஆக்கிப் போட்டுருவாங்க. மூஞ்சில கொஞ்சம் வெயில் படட்டுங்க."

"எனக்கு நீச்சல் தெரியாது அண்ணாச்சி."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கு? நொய்யல்ல தண்ணி வந்தாத்தானுங்க நீச்சல் பழக?"

நிவேதாவுக்குக் கல்லூரி லீவு. அவளும் வருகிறேன் என்றாள். இந்த வயசில் நம்மோடு வெளியூர் வருகிறேன் என்று பிள்ளை தானாகச் சொன்னால் கடலென்ன, எரிமலை என்றாலும் பெற்றவள் சரி என்றுதான் சொல்வாள்.

3

படகு மரப்படகு. மீன்பிடிப் படகாக இருந்ததை மாற்றி, கீழே இரண்டு சின்ன அறையும் பின்னால் அடுப்பும் வைத்திருந்தார்கள். ஓட்டுகிறவர் பெயர் நாயக். அதிகம் பேசாதவர். அவர் சொன்னதையெல்லாம் நான் இங்கே தமிழில் எழுதுகிறேன், அவருடைய இந்தியும் என்னுடைய இந்தியும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல.

முதல் இரண்டு நாளும் நன்றாகத்தான் போயின. அதை மறைக்கக் கூடாது. இடது பக்கம் தென்னையும் சிவப்பு மண் குன்றும் கூடவே வந்தன. கையில்லாத பருத்திச் சட்டை போட்டு வெயிலில் உட்கார்ந்தோம், அதுவும் ஜனவரியில்! சரோஜா இருமவே இல்லை. அண்ணாச்சி கால்மேல் கால் போட்டுக்கொண்டு, டில்லியிலிருக்கிற ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு அங்கே என்ன குளிர் என்று விசாரித்தார்.

நான் மட்டும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. சாப்பிடும்போதும் அதோடுதான். கரை தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியும். இருந்தாலும் படகுக்கு அடியில் எவ்வளவு ஆழம் இருக்கும் என்று நினைத்ததும் ஜாக்கெட்டின் வாரை இன்னும் ஒரு பிடி இறுக்குவேன். "ஏளா, ஒன்னப் பாத்தா ரயில்வே போர்ட்டர் மாதிரி இருக்கு," என்று செல்வராஜ் கேலி செய்தார். செய்துவிட்டுப் போகட்டும்.

படகில் ஒரு காயக் இருந்தது. ஒரே ஆள் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடுகிற மஞ்சள் பிளாஸ்டிக் படகு. நிவேதா ஒரே நாளில் அதைப் பழகிவிட்டாள். அவளுக்கு நீச்சலும் தெரியும், அடுக்ககத்து நீச்சல் குளத்தில் கற்றது.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு ஆறு கடலில் விழுகிற இடத்தில், முகத்துவாரத்துக்கு உள்ளே நங்கூரம் போட்டோம். வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அவள் சொன்னாள். நெதர்லாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. வருகிறேன் என்று பதிலும் எழுதிவிட்டாளாம். அண்ணாச்சியும் சரோஜாவும் கூட இருக்கும்போது சொன்னால் நான் கத்தமாட்டேன் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

"ஏட்டி, எப்ப எழுதுன?"

"ஒரு மாசம் முன்னாடி. அம்மா, டென்ஷன் மத் லோ, டென்ஷனே வேண்டாம். ரெண்டு வருஷம்தான்."

இரண்டு வருஷம் என்று சொல்லித்தான் நானும் டில்லிக்கு வந்தேன்.

"நான் ஒண்ணும் சொல்லல. ஒன் இஷ்டம்," என்றேன். எங்கள் வீட்டில் இதற்கு மேல் கடுமையான பேச்சு கிடையாது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். சரோஜா என் முழங்காலில் கை வைத்து, "உடுங்கம்மிணி, காலைல பேசிக்கலாம்," என்றாள்.

4

காலையில் நான் மேலே வந்தபோது அவள் ஏற்கெனவே காயக்கில் இருந்தாள். படகிலிருந்து கூப்பிடுகிற தூரம்தான். வானம் வெளிறியிருந்தது, தண்ணீர்மேல் லேசாக ஆவி.

"ஏட்டி, ஜாக்கெட்டப் போட்டியா?"

திரும்பாமலே கையைத் தூக்கி ஆட்டினாள். போட்டேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், சும்மா இரு என்றும் எடுத்துக்கொள்ளலாம். ராத்திரிக் கோபம் இன்னும் இருக்கிறது என்று நினைத்து, டீ போட்டுக் கொடுத்தால் வருவாள் என்று பின்பக்கம் போனேன். அடுப்பு பற்றிக்கொள்ளத் தகராறு செய்தது. டீயோடு திரும்பி வந்தால் கரை இல்லை. தென்னை இல்லை. தண்ணீரே இல்லை. படகைச் சுற்றி வெள்ளைச் சுவர் எழுப்பியது போலப் பனி.

"நிவி!" என்றேன். பதில் இல்லை.

செல்வராஜ் முதலில் அலட்டிக்கொள்ளவில்லை. "டில்லிப் பனில வளந்த புள்ள. இதெல்லாம் ஒரு பனியா?" என்றார். அப்போது நான் அறைவாசல் ஆணியைப் பார்த்துவிட்டேன். அதில் அவளுடைய லைஃப் ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. விரலை மட்டும் நீட்டினேன். அவர் முகம் மாறியது.

நாயக் ஓடி வந்தார். இங்கே இந்த அளவுக்கு மூடுவது அபூர்வம் என்றார். பிறகு குனிந்து படகின் ஓரத்தில் தண்ணீரைப் பார்த்தார். ஒரு தென்னங்கீற்றுத் துண்டும் நுரையும் எங்களைக் கடந்து வேகமாகப் போயின. கடல் உள்வாங்குகிற நேரம், ஆற்றுத் தண்ணீர் எல்லாவற்றையும் வெளியே இழுத்துக்கொண்டு போகும் என்றார். என்ன சொல்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போல, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

எல்லாரும் கத்தினோம். நாயக் ஹாரனை அழுத்தினார். சரோஜா எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்தாள், மூச்சுக்கார மனுஷி, நிறுத்தாமல் அடித்தாள். ஒரே ஒரு தடவை பதில் வந்தது.

"ஆ ரஹீ ஹூம்!"

வந்துகொண்டிருக்கிறாளாம். அண்ணாச்சி அந்தக் குரல் வலப்பக்கம் கேட்டது என்றார். செல்வராஜ் பின்பக்கம் என்றார். எனக்கு அது தலைக்கு மேலிருந்து கேட்டது போல இருந்தது. அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"இஞ்சின எடு! சலாவ் பையா, ஜல்தி!" என்று செல்வராஜ் நாயக்கின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

நாயக் மறுத்துவிட்டார். படகு நகர்ந்தால் அவள் திரும்பி வருகிற இடத்தில் நாம் இருக்கமாட்டோம். பனியில் அவள்மேலேயே ஏற்றிவிடவும் கூடும், கீழே விசிறி சுற்றுகிறது என்றார். செல்வராஜ் சாவியைப் பிடுங்கப் போனார். அண்ணாச்சி பின்னாலிருந்து அவரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வேண்டாந்தம்பி. புள்ள மேல ஏத்திப்போடுவமுங்க. சொன்னாக் கேளுங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் குரலும் நடுங்கியது. அந்த மனிதர் பயந்து நான் பார்த்ததில்லை.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைக் கண்டு நாள் முழுக்கப் பயந்தவள் நான். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பத்திரமாக நின்றதும் நான்தான். அது இல்லாமல் அங்கே எங்கேயோ போய்க்கொண்டிருந்தது என் பிள்ளை. அதை உருவி எறிந்தேன், அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

அப்போது ஆற்றுக்குள்ளிருந்து 'தட் தட்' என்று இஞ்சின் சத்தம் வந்தது. "போட் வருது!" என்று அண்ணாச்சி கத்தினார். நாங்கள் கையை ஆட்டினோம். அது எங்களைப் பார்க்கவில்லை. மெதுவாக எங்களைத் தாண்டிக் கடல் பக்கம் போயிற்று. போகும்போது அதன் பின்பக்கம் கட்டியிருந்த விளக்கு ஒன்று பனியில் தெரிந்தது. சிவப்பு விளக்கு. விட்டு விட்டு எரிந்தது.

சரோஜா தட்டடிப்பதை நிறுத்தினாள். நிவேதா நிற்கமாட்டாள். எந்த நிலையிலும் நிற்கமாட்டாள். அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவாள், அவ்வளவு ஒழுங்காக, அவ்வளவு கவனமாக.

நாயக்கின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அவ அந்த வெளக்குப் பின்னால போயிருவா. போயிருப்பா. நிக்கக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருக்கு. அந்தப் படக நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்தச் சொல்லுங்க..." அவர் விழித்தார். அத்தனையையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். டில்லியில் இத்தனை வருஷம் காய்கறிக்காரனோடும் கஸ்டமர் கேரோடும் சண்டை போட்ட இந்தியில் ஒரு வார்த்தை நாக்குக்கு வரவில்லை.

செல்வராஜுக்குப் புரிந்துவிட்டது. அண்ணாச்சியின் பிடிக்குள் அப்படியே தளர்ந்தார். அவர்தான் இந்தியில் சொன்னார், சின்னக் குரலில், ஒவ்வொரு வார்த்தையாக.

நாயக் வயர்லெஸ்ஸை எடுத்துக் கொங்கணியில் கூப்பிட்டார். கரகர சத்தம்தான் வந்தது. இஞ்சின் இரைச்சலில் அவர்களுக்குக் கேட்காது என்றார். போனை எடுத்தார். சிக்னல் வந்து வந்து போயிற்று. அந்தப் படகு யாருடையது என்று சத்தத்தை வைத்து ஊகித்து, கரையில் அவன் வீட்டுக்குப் போட்டார். அவன் மனைவி எடுத்தாள். அவளிடம் கத்தினார். அவள் தன் புருஷனைக் கூப்பிட வேண்டும். அவன் சட்டைப் பையில் போன் இருக்க வேண்டும். அது அடிப்பது அவனுக்குத் தெரிய வேண்டும். முதலில் அந்த ஊகமே சரியாக இருக்க வேண்டும்.

காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எந்தச் சாமியை வேண்டினேன் என்றும் நினைவில்லை. அவள் போகட்டும், நெதர்லாந்துக்கோ நிலாவுக்கோ போகட்டும், ஒரு வார்த்தை தடுக்கமாட்டேன், இந்தத் தண்ணீரில் மட்டும் வேண்டாம் என்று யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

பிறகு கடல் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த 'தட் தட்' சத்தம் நின்றது. நாயக் கையை உயர்த்தி எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். இஞ்சினை அணைத்துவிட்டார்கள், காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்றார். மறுபடி சத்தம் எழுந்தது, இந்தத் தடவை எங்களை நோக்கி.

5

மீன்காரர்கள் நாலைந்து பேர். நடுவில் யாருடைய துண்டையோ போர்த்திக்கொண்டு அவள். பின்னால் கயிற்றில் மஞ்சள் காயக். முகத்துவாரத்தைத் தாண்டி, அலை எழும்புகிற இடத்தில் இருந்தாளாம். விளக்கைப் பார்த்துக்கொண்டே போனாளாம். அது திடீரென்று மறைந்துவிட்டதாம். கூப்பிட்டாளாம், இஞ்சின் நின்ற பிறகுதான் அது அவர்களுக்குக் கேட்டதாம். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் என்று ஒரு மீன்காரர் ஆரம்பித்தார். நாயக் அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

செல்வராஜ் ஒரு மூலையில் போய் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவளோ சிரித்த முகமாக ஏறி வந்தாள்.

"டீக் ஹூம், டீக் ஹூம். பாப்பா, ஐ'ம் ஃபைன், சச் மே." நன்றாகத்தான் இருக்கிறாளாம்.

"பயமா இருந்துச்சா கண்ணு?" என்றாள் சரோஜா, அழுதுகொண்டே.

"இல்ல ஆண்ட்டி. பில்குல் நஹீன். கொஞ்சம் போர் ஆச்சு, அவ்ளோதான்."

அண்ணாச்சியிடம் ஒரு ஜோக் கூடச் சொன்னாள். அவரும் பாவம், சிரித்தார். எனக்கும் ஒரு நொடி நம்பத் தோன்றிவிட்டது. குரலில் பிசிறில்லை. முகம் கழுவி விட்டது போலத் தெளிவாக இருந்தது. என் பிள்ளைக்குத்தான் என்ன தைரியம் என்று நினைத்தேன். துடுப்பு இன்னும் அவள் கையில் இருந்தது. ஏறி வரும்போதும் அதை யாரிடமும் கொடுக்கவில்லை. "குடுட்டி," என்று வாங்கப் போனேன். வரவில்லை. இழுத்தேன். வரவில்லை.

விளையாடுகிறாள் என்று நினைத்து விரல்களைப் பார்த்தேன். ரத்தமே இல்லாமல் வெள்ளையாக, துடுப்போடு ஒட்டிப்போய் இருந்தன. அவள் அண்ணாச்சியிடம் பேசிக்கொண்டே இருந்தாள், தன் கை அப்படி இருப்பது அவளுக்கே தெரியாதது போல. நான் ஒன்றும் சொல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சுண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். பிரித்த விரல் மறுபடி மடங்கப் பார்த்தது. என் கைக்குள் வைத்து அழுத்திக்கொண்டு அடுத்ததைப் பிரித்தேன். துடுப்பு கீழே விழுந்த பிறகும் அவள் சிரிப்பு நிற்கவில்லை. கையை மட்டும் துண்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

அன்றைக்கே கார்வார் திரும்பிவிட்டோம். கடல் ஒன்றும் எங்களைச் செய்துவிடவில்லை. சரோஜா அடுத்த குளிருக்கும் போகலாம் என்கிறாள், போனாலும் போவேன்.

என் பயம் வேறு. லக்ஷ்மிபாய் நகர் எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு, மூக்கை உறிஞ்சுவது கேட்டுவிடக் கூடாதென்று ரிசீவரைத் தள்ளிப் பிடித்து, "நல்லாருக்கேம்மா, ஒரு கொறையுமில்ல," என்று நானும் வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். அம்மா நம்பினாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் நிவேதா போகிறாள். போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுவாள். டீக் ஹூம் அம்மா என்பாள், அதே குரலில். முகத்தைக் காட்டிச் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். கையைக் காட்டுட்டி என்று எப்படிக் கேட்பேன்?